கேஸும் கணக்கும்: சென்னைப் பள்ளிகளை வாசித்தல் பற்றிச் சில குறிப்புகள்

1

'கேஸ்' என்பது மயிலாப்பூர், அடையாறு குப்பங்களில் எல்லோருக்கும் தெரிந்த சொல். போலீஸ் கேஸ், ஆஸ்பத்திரி கேஸ், கோர்ட்டு கேஸ். 'அவன் ஒரு மாதிரி கேஸுப்பா' என்றும் சொல்வார்கள். எங்கே புழங்கினாலும் அச்சொல்லுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஒருவர் உட்கார்ந்து எழுதுகிறார். இன்னொருவர் நின்றுகொண்டு எழுதப்படுகிறார்.

ஆய்வுலகத்தில் 'கேஸ் ஸ்டடி' எனப்படுவதை நாம் தனிநேர்வு ஆய்வு எனலாம். ஒரு பள்ளிக்கூடம், ஒரு வகுப்பறை, ஒரு ரேஷன் கடை என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, நெடுநாள் அங்கே இருந்து, பேசுவதைக் கேட்டு, பதிவேடுகளைப் படித்து, அந்த நிறுவனம் உள்ளுக்குள் எப்படி இயங்குகிறது என்று எழுதுவது. எண்ணிக்கையை மட்டுமே நம்பும் ஆய்வுகளுக்கு மாற்றாக இது முன்வைக்கப்படுகிறது. மாற்று என்று சொன்னவுடனே நமக்கு அதன்மேல் ஒரு பரிவு வந்துவிடுகிறது. ஆனால் ஃபூக்கோ 1975இல் வெளியிட்ட சிறைச்சாலை பற்றிய நூலில் வேறொன்றைச் சுட்டுகிறார். பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகிற பரிசோதனையே தனிமனிதரை ஒரு 'கேஸ்' ஆக்குகிறது என்கிறார் அவர். ஒரு காலத்தில் விவரித்து எழுதப்படுவது அரசர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் கிடைத்த பெருமை. நவீன நிறுவனங்களிலோ அதுவே கட்டுப்படுத்துவதற்கான வழி. அப்படியானால் 'எண்ணா, கேஸா?' என்று நம் ஆய்வாளர்கள் நடத்தும் சண்டையை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டிடமும் ஒரே கேள்வியைக் கேட்கவேண்டும். எழுதியது யார்? எழுதியது யாரிடம் போய்ச் சேர்ந்தது?

இக்கேள்வியோடு இந்நகரத்துப் பள்ளிகளைப் பற்றிய சில பழைய பதிவுகளை வாசித்துப் பார்க்கலாம்.

2

முதலில் கணக்கு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் எல்லாக் கலெக்டர்களிடமும் உள்ளூர்ப் பள்ளிகளின் விவரம் கேட்டார். பள்ளிகள் எத்தனை, பிள்ளைகள் எத்தனை, எந்தெந்தச் சாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை. 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். மாகாண மக்கள்தொகை 1,28,50,941. தரம்பால் 1983இல் இந்த ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்ட பிறகு, பிரிட்டிஷாருக்கு முன் நம்மிடம் கல்வி செழித்திருந்தது என்பதற்கு இவை சாட்சியாயின. அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தவர்களும் இதே எண்களைத்தான் எடுத்தார்கள். எண் யார் கேட்டாலும் பேசும்.

நமக்கு அதில் வேண்டியது ஒரே ஒரு கட்டம். சென்னை நகரத்தில் பள்ளியில் படிப்பவர்கள் ஐயாயிரத்துச் சொச்சம் என்றும், வீட்டிலேயே படிப்பவர்கள் 26,963 என்றும் கலெக்டர் எழுதியிருந்தார். ஐந்து மடங்கு! மன்றோவுக்கே சந்தேகம் வந்து, இதில் ஏதோ பிழை இருக்கவேண்டும் என்று குறிப்பெழுதினார். வீட்டுக்குள் யார் யாருக்கு எதைச் சொல்லிக்கொடுத்தார்கள், எந்த வீட்டில், எந்தத் தெருவில், பெண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாளா என்பதற்கெல்லாம் அந்த அட்டவணையில் இடம் இல்லை. இருநூறு ஆண்டுகளாக அந்த 26,963 அப்படியே வாய்மூடி நிற்கிறது. அன்று ஒரே ஒரு வீட்டை யாராவது போய்ப் பார்த்து நாலு பக்கம் எழுதியிருந்தால் அந்த எண்ணை நம்பலாமா கூடாதா என்று இன்று நாம் சொல்லியிருக்க முடியும். தனிநேர்வு ஆய்வின் முதல் நியாயம் இதுதான்.

3

எழுபது ஆண்டு கழித்து அடையாற்றில் அப்படி ஒருவர் போய்ப் பார்த்தார், எழுதவும் செய்தார். தியசாபிகல் சொசைட்டியின் தலைவர் ஆல்காட் 1894இல் ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு மயிலாப்பூர், தேனாம்பேட்டை முதலிய இடங்களிலும் பள்ளிகள் வந்தன. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். பல பள்ளிகள் தாழ்த்தப்பட்ட பிள்ளைகளைத் திண்ணையில்கூட ஏற்றாத காலத்தில் இவை கதவைத் திறந்தன என்பதை யாரும் மறைக்க முடியாது. ஊரூர்ப் பள்ளியின் வழிவந்த ஆல்காட் நினைவுப் பள்ளி இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது.

இப்பள்ளிகளைப் பற்றி உள்ளிருந்து எழுதப்பட்ட இரண்டு சிறு நூல்களின் தலைப்பு கவனத்துக்குரியது. ஆல்காட் 1902இல் எழுதியது 'ஏழைப் பறையன்'. பள்ளிகளை மேற்பார்வையிட்ட கோர்ட்ரைட் அம்மையார் 1906இல் எழுதியது 'பறையனுக்கு நாங்கள் எவ்வாறு கற்பிக்கிறோம்'. இலக்கணமாகவே பாருங்கள். 'நாங்கள்' எழுவாய். 'கற்பிக்கிறோம்' பயனிலை. 'பறையன்' நான்காம் வேற்றுமையில் நிற்கிறான். கொடுப்பதை வாங்கிக்கொள்கிற வேற்றுமை. முதல் தலைப்பில் அவனுக்கு ஒரு பெயரடை தரப்பட்டிருக்கிறது, அதுவும் பரிதாபத்தின் பெயரடை. இந்நூல்களின் நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. எந்த நல்லெண்ணமும் இந்த வாக்கிய அமைப்பைத் தானாக மாற்றிவிடாது, அவ்வளவுதான்.

சில மைல் தூரத்து ராயப்பேட்டையில் இந்த வாக்கியத்தைத் திருப்பி எழுதிக்கொண்டிருந்தார் அயோத்திதாசர். 1898இல் ஆல்காட்டுடன் கொழும்புக்குப் போய்ப் பௌத்தம் தழுவி வந்தவர் அவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். 'பறையர்', 'பஞ்சமர்' இரண்டு பெயர்களுமே பிறர் ஒட்டிய சீட்டு என்று மறுத்து, 'சாதிபேதமற்ற திராவிடர்' என்பதை முன்வைத்தார். பள்ளியின் பெயர்ப்பலகையே ஒரு கேஸ் ஃபைலின் மேலட்டையாக இருக்கமுடியும் என்பதை அவர் அன்றே வாசித்துவிட்டார். அந்த எழுத்துகளைப் பெருந்தொகுப்பாக நாம் கையில் எடுத்துப் படிப்பதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. யாருடைய விவரணை நூலகத்துக்குப் போகிறது, யாருடையது பரணுக்குப் போகிறது என்பதும் கல்வி வரலாறுதான்.

இதே காலகட்டத்தின் இன்னொரு குரல் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்து, அந்தச் சொல்லை எழுவாயாக்கியவர். 1939இல் வந்த தன் வாழ்க்கைச் சுருக்கத்தில் கோயம்புத்தூரில் படித்த நாள்களைச் சில வரிகளில் சொல்லிப்போகிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப்பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். யாரோடாவது பழகினால் சாதி, குடும்பம், இருப்பிடம் எல்லாம் தெரிந்துபோகும், தெரிந்தால் தாழ்வாக நடத்துவார்கள். எனவே பள்ளிக்கு வெளியே எங்காவது படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம்.

அந்த வருகைப்பதிவேட்டை நினைத்துப் பாருங்கள். அதில் அவர் 'ஆஜர்'. கணக்குப்படி அவர் பள்ளிக்குள் சேர்ந்துவிட்ட மாணவர், கல்வி பரவியதற்கு ஒரு சான்று. மணி அடிக்கும்வரை வெளியே நின்ற அந்த நிமிடங்களை எந்தப் பத்தியில் எழுதுவது? வெளியிலிருந்து வரும் எவ்வளவு கருணையுள்ள ஆய்வாளரும் அதைப் பார்த்திருக்க முடியாது. ஏனெனில் யாரும் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிள்ளை வெளியே நின்றது. தன்னைப் பற்றித் தானே எழுதியதால் மட்டும் நமக்குக் கிடைத்த தகவல் இது. பள்ளி என்னும் நிறுவனம் சாதியை எப்படி நடைமுறைப்படுத்துகிறது என்பதற்கு இந்தச் சில வரிகளைவிட மேலான ஆவணம் எனக்குத் தெரிந்து இல்லை.

4

'ஒரு ஆளை வெச்சு என்ன சார் சொல்ல முடியும்? எத்தனை பேரைக் கேட்டீங்க?' என்பது தனிநேர்வு ஆய்வாளர்களிடம் வழக்கமாக எறியப்படும் கேள்வி. நம் வரலாற்றிலேயே இதற்குப் பதில் உண்டு. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் 1924-25இல் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போடப்பட்டது. ஒரே ஒரு பள்ளி. தனித்துச் சாப்பிட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். புள்ளியியலுக்கு இதெல்லாம் கணக்கிலேயே வராது. ஆனால் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அந்தப் பந்தியில் வாசித்தது தேசியம் என்ற பெருங்கதையின் உட்கட்டமைப்பை. தனிநேர்வு சராசரியைச் சொல்ல வருவதில்லை. பொறி எப்படி வேலை செய்கிறது என்று மூடியைத் திறந்து காட்டுகிறது. மூடியைத் திறக்க ஒரு பள்ளி போதும்.

சேரன்மாதேவியில் பந்தி பற்றி எரிந்த அதே காலத்தில் சென்னையில் சோறு பற்றி இன்னொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த மாநகராட்சி மன்றம் ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவு. சொல்லப்பட்ட காரணம், பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியின் மாணவர் தொகை பாதிக்கப்படுகிறது என்பது. ஒரு பள்ளியை உற்றுப் பார்த்ததால் 'வராத பிள்ளை' என்ற வகை உடைந்து 'பசித்த பிள்ளை' என்ற வகை வெளியே வந்திருக்கிறது. சோம்பேறித்தனம், பெற்றோரின் அறியாமை என்று சொல்லிக்கொண்டிருந்த சொல்லாடல் முழுவதையும் ஓரணா மறுதலித்துவிடுகிறது. திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671. இங்கே எண் அழகாகப் பேசுகிறது. என்ன கேட்கவேண்டும் என்று ஒரு பள்ளி அதற்கு ஏற்கெனவே சொல்லிக்கொடுத்திருந்ததால் பேசுகிறது.

1925 ஏப்ரல் 1 முதல் திட்டம் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய அரசாங்கம் அனுமதிக்கவில்லை. சோறு கல்விச் செலவா இல்லையா? ஒரு கணக்குத் தலைப்பின் முன்னால் பிள்ளைகளின் வயிறு நிறுத்தப்பட்டது. பிறகு மன்றம் போராடி அதை ஓரளவு மீட்டது. 1956, 1982, 2022 என்று பின்னால் வந்த மதிய உணவு, சத்துணவு, காலை உணவுத் திட்டங்களின் பெருமையைப் பேசும்போது இந்த 1925ஐயும் சேர்த்துப் பேசவேண்டும். நிறுவனங்கள் தீர்மானங்களால் மட்டும் நடப்பதில்லை. எந்தச் செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று ஃபைலில் போடும் ஒரு குறிப்பாலும் நடக்கின்றன, நிற்கின்றன. அந்த ஆயிரம் விளக்குப் பள்ளியில் சமைத்தது யார், யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதைத் தீர்மான வாசகம் சொல்வதில்லை. சேரன்மாதேவிக் கேள்வியை ஆயிரம் விளக்கிடமும் கேட்கவேண்டும்.

5

இதெல்லாம் பழங்கதை இல்லை. 2000க்குப் பிறகு அடையாறு, கூவம், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளில் இருந்த குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டுவருகின்றன, பலமுறை கல்வியாண்டின் நடுவிலேயே. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. குடிசை போனால் பிள்ளை போகும். பிள்ளை போனால் பக்கத்துப் பள்ளியின் சேர்க்கை குறையும். குறைந்த சேர்க்கையைக் காட்டிப் பள்ளிகளை இணைப்பதும் மூடுவதும் இந்தியா முழுக்க நடக்கிறது. அட்டவணை இதை 'அரசுப் பள்ளிமீது பெற்றோருக்கு ஆர்வமில்லை' என்று வாசிக்கும். டி.சி.யில் தேதி இருக்கும், புல்டோசர் இருக்காது.

அதை எழுதுவது நம் வேலை. கரையோரப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் பதிவேட்டையும் இடிப்பு நடந்த தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போன பிள்ளைகளைத் தேடிப் போய், அவர்கள் எந்தப் பேருந்தில் எத்தனை மணிக்கு ஏறுகிறார்கள், எப்போது ஏறுவதை நிறுத்தினார்கள் என்று கேட்டு எழுதினால் அது ஒரு பள்ளியின் வரலாறு. நகரத்தின் வரலாறும்தான். 1967இல் இத்தாலியின் பார்பியானா கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப்பேர், தங்களைத் தோற்கடித்த கல்விமுறைக்கு ஒரு கடிதமாக ஒரு புத்தகமே எழுதினார்கள். தமிழிலும் அது வாசிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகள் தங்கள் கதையோடு நிறுத்திக்கொள்ளாமல் நாட்டின் புள்ளிவிவரங்களையும் தாங்களே எடுத்து அடுக்கிக் காட்டினார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கணக்கு பிள்ளைகளின் கைக்கு வந்தபோது அது அவர்கள் பக்கம் பேசியது.

நெறி பற்றி ஒன்று. ஆய்வொழுக்கம் என்ற பெயரில் பிள்ளையின் பெயரையும் மறைக்கச் சொல்கிறார்கள், அலுவலகத்தின் பெயரையும் மறைக்கச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. முதலாவது மறைப்பு பலவீனமானவரைக் காக்கிறது. இரண்டாவது அதிகாரத்தைக் காக்கிறது. ஆனால் சிறிய பள்ளி என்றால் பள்ளியின் பெயரைச் சொன்னாலே அந்தப் பிள்ளை யார், பேசிய டீச்சர் யார் என்று தெரிந்துவிடும். எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு முறையும் அந்தப் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்துதான் முடிவுசெய்ய முடியும். இதற்குப் பொதுச் சூத்திரம் கிடையாது.

எழுதியதை எழுதப்பட்டவர்கள் முன்னால், அவர்களுக்குப் புரிகிற தமிழில், அதே தெருவில் வாசித்துக் காட்டவேண்டும் என்பதை மட்டும் எல்லோருக்கும் பொதுவான விதியாக வைக்கலாம். 'அப்படி இல்லீங்க, நீங்க தப்பா எழுதிட்டீங்க' என்று யாராவது சொன்னால் அதையும் பிரதியில் சேர்க்கவேண்டும், அடிக்குறிப்பாக அல்ல, உள்ளேயே. அதற்குத் தயாராக இல்லாத ஆய்வு, போலீஸ் ஸ்டேஷனிலும் ஆஸ்பத்திரியிலும் ஏற்கெனவே இருக்கிற ஃபைல்களோடு இன்னொரு ஃபைல்.