அளக்கிறது யார்? அளக்கப்படுறது யார்?

"பிறஷர் கூடினா மாரடைப்பு வரும், கொலஸ்ட்ரோலைக் குறைக்கோணும்." இது இண்டைக்கு எங்கட அம்மம்மாமாருக்கும் தெரிஞ்ச விசயம். இந்த அறிவில் பெரும்பங்கு அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரத்திலிருந்து வந்தது. 1948இல் அங்கே ஓர் இதய ஆய்வு தொடங்கி, 5,209 பேரை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட எல்லோருமே வெள்ளையர்கள்.

அப்போ கறுப்பின மக்களை யாரும் ஆராயவில்லையா? ஆராய்ந்தார்கள், ஆனால் எப்படி? அலபாமாவின் டஸ்கீகியில் அரச சுகாதார சேவை, சிபிலிஸ் நோய் இருந்த ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல், நோய் என்ன செய்யுது என்று 1932இலிருந்து 1972 வரை பார்த்துக்கொண்டிருந்தது. பெனிசிலின் வழக்கத்துக்கு வந்த பிறகும் கொடுக்கவில்லை. இதுக்குப் பிறகு 'ஆய்வு' என்று ஒருவர் கதவைத் தட்டினால் யார் திறப்பார்கள்?

தட்டுவதற்குச் சொந்த ஆட்களும் குறைவு. 1910இல் வந்த பிளெக்ஸ்னர் அறிக்கைக்குப் பிறகு, கறுப்பினத்தவருக்கான ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே மிஞ்சின. 1985இல் அரசின் ஹெக்லர் அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுக்கு சுமார் 60,000 மேலதிக மரணங்கள் நிகழ்வதாகக் கணக்கிட்டது. இதயநோய், புற்றுநோய், நீரிழிவு எல்லாம் அதன் முக்கிய காரணங்களில் அடக்கம்.

மிசிசிப்பியின் ஜக்சன் நகரில் 2000இல் தொடங்கிய ஜக்சன் இதய ஆய்வு வேறு வழியில் போனது. 5,306 கறுப்பினத்தவர் அதில் சேர்ந்தார்கள். மாநில மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு, ஜக்சன் ஸ்டேட், டூகலூ என்ற இரண்டு கறுப்பினக் கல்வி நிறுவனங்களும் பங்காளிகள். டூகலூ கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்கே ஆய்வுப் பயிற்சி கொடுத்தார்கள். அளக்கப்படுற ஊரின் பிள்ளைகளே அளக்கிறவர்களாகவும் வளரோணும் என்பதுதான் இதில் எங்களுக்குப் பிடித்த விசயம்.

அதே 2000இல் வந்த ஒரு சட்டம், சுகாதார ஏற்றத்தாழ்வுகளை ஆராய்பவர்களின் படிப்புக் கடனை அடைக்க உதவும் திட்டத்தையும் கொண்டுவந்தது. கடன் சுமையோடு படிச்சு முடிச்ச ஒருவருக்கு இது சின்ன விசயமில்லை.

பயிற்சி கதவுவரை கூட்டிக்கொண்டு போகும். உள்ளே இருக்க நிதி வேணும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு, படிப்பு, வெளியீடுகள் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், தேசிய சுகாதார நிறுவகங்களின் நிதி கறுப்பின ஆய்வாளருக்குக் கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிடச் சுமார் 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று காட்டியது. 2019இல் இன்னொரு ஆய்வு, இந்த இடைவெளியின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தலைப்புத் தெரிவோடு தொடர்புடையது என்றது. சமூகங்களின் சுகாதாரம் பற்றிய தலைப்புகளைக் கறுப்பின ஆய்வாளர்கள் கூடுதலாகத் தெரிவு செய்கிறார்கள்; நிதி குறைவாகக் கிடைப்பதும் அந்தத் தலைப்புகளுக்குத்தான்.

யோசிச்சுப் பாருங்கோ. தன் சனத்தின் வருத்தத்தைப் பற்றிக் கேள்வி கேட்க வந்தவர், அந்தக் கேள்விக்காகவே பின்தள்ளப்படுகிறார். அதனால் இளம் ஆய்வாளருக்குப் புலமைப்பரிசில் கொடுத்தால் மட்டும் காணாது. எந்தக் கேள்வி பெறுமதியானது என்று தீர்மானிக்கிற மேசையிலும் அவர்களுக்குக் கதிரை வேணும். இதை உதவி என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. பிரேமிங்ஹாம் விட்ட இடத்தை நிரப்ப அறிவியலுக்கே அவர்கள் தேவை.