ஷிகேயோ ஹிரோசே

ஷிகேயோ ஹிரோசே (பிறப்பு: 1947, டோக்கியோ) ஜப்பானிய ரோபோ பொறியாளர், டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் முன்னாள் பேராசிரியர். யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தில் 1971இல் இளநிலைப் பட்டம் பெற்று, மேற்படிப்புக்கு டோக்கியோ தொழில்நுட்பக் கழகம் வந்தார்.

அங்கே யோஜி உமெதானியுடன் சேர்ந்து அவர் கையில் எடுத்தது பாம்பு. காலில்லாத உடல் எப்படி முன்னேறுகிறது? நீளவாக்கில் எளிதாக வழுக்கும் பாம்புடல் பக்கவாட்டில் அவ்வளவு எளிதாக வழுக்காது. ஆகவே வளைந்து நெளிந்தாலே முன்னே போய்விடும். இதே வேறுபாட்டைப் பொறியில் கொண்டுவர, ஒவ்வொரு கணுவுக்கும் அடியில் சிறு சக்கரங்களைப் பொருத்தினார். 1972இல் ஊர்ந்த 'ஏசிஎம் 3' என்ற அந்தப் பொறி சுமார் 2 மீட்டர் நீளம், 20 கணுக்கள், 28 கிலோ எடை. வேகம் நொடிக்கு ஏறத்தாழ 40 செ.மீ. சக்கரங்கள் இருந்தும் அவற்றை உருட்ட ஒரு மோட்டார்கூடக் கிடையாது. மோட்டார்கள் கணுக்களை இடமும் வலமும் ஒடிப்பதோடு சரி. தலைக்கணுவுக்கு இட்ட வளைவு கணுகணுவாகப் பின்னே இறங்க, தலை போன தடத்திலேயே வாலும் போகும்.

உடல்நெடுக வளைவு சைன் அலையாகக் கூடிக் குறையும் இக்கோட்டுக்கு 'செர்பனாய்டு' என்று பெயரிட்டார். பக்கவாட்டு நெளிவுக்கு இது நன்கு பொருந்தும். பாம்புகளின் மற்ற ஊர்வு முறைகளுக்கும் இதை நீட்டிவிட முடியாது.

உலகின் முதல் பாம்பு ரோபோ ஏசிஎம் 3தான் என்று எழுதுவோர் பலர். ஆனால் ஸ்டான்ஃபோர்டில் 1960களிலேயே 'ஓர்ம்' என்ற பாம்பு வடிவக் கை உருவாகியிருந்தது. அது இடம்பெயராத கை என்பதால், தரையில் ஊர்ந்தவற்றில் முதலாவது என்று ஏசிஎம் 3ஐக் குறிப்பிடுவது ஓரளவு பாதுகாப்பானது.

1976இல் முனைவர் பட்டம் பெற்ற ஹிரோசே, 1979இல் இணைப் பேராசிரியராகவும் 1992இல் பேராசிரியராகவும் உயர்ந்தார். கம்பியை இழுத்ததும் பொருளின் வடிவத்துக்கேற்பப் படிந்து, எங்கும் சீராக அழுத்தும் 'மென்பிடி' 1970களின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பிடிக்கும் பொருளின் வடிவத்தை முன்கூட்டி அறிய வேண்டாம் என்பதே அதன் அழகு. டைட்டன் வரிசை நான்குகால் ரோபோக்களும், கண்ணிவெடி தேடும் 'கிரைஃபன்' வண்டியும் பின்னர் வந்தவை. உயிரினங்களைப் பின்பற்றிய ரோபோக்கள் பற்றிய அவருடைய நூலை 1993இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்டது.

2004இல் தொடங்கிய ஹைபாட் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர். 2013இல் கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.