வானொலித் தொலையச்சும் பழைய டெலிபிரிண்டர்களும்

ஓரிடத்தில் தட்டச்சு செய்வதைத் தொலைவிலுள்ள மற்றோர் இடத்தில் காகிதத்தில் அச்சிட்டுத் தரும் கருவி டெலிபிரிண்டர். தமிழில் தொலையச்சு என்பர். (சென்னை கிண்டியில் 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் இவற்றைத் தயாரித்தது.) அமெரிக்காவில் தந்தி, செய்தி நிறுவனங்கள் கழித்துவிட்ட இக்கருவிகளை, இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெச்சூர் வானொலியாளர்கள் வாங்கி வானலைகளில் இயக்கத் தொடங்கினர். அந்தப் பழக்கம் இன்றும் நின்றுவிடவில்லை.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஐந்து துடிப்புகள். பிரான்சு நாட்டின் எமில் போதோ 1870களில் வகுத்த முறை இதன் வேர். ஐந்து துடிப்புகளால் 32 சேர்க்கைகளே கிடைக்கும்; எழுத்துகளுக்கும் எண்களுக்கும் அது போதாது. ஆகவே எழுத்திலிருந்து எண்ணுக்கு மாறத் தனிக் குறி உண்டு. அந்தக் குறி வழியில் தவறினால் அடுத்து வரும் எண்களெல்லாம் எழுத்துகளாக அச்சாகிவிடும்! ஒரு துடிப்பு 22 மில்லிநொடி. தொடக்க, முடிவுத் துடிப்புகளையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 163 மில்லிநொடி. நிமிடத்துக்குச் சுமார் 60 சொற்கள்.

1953இல் அமெரிக்க அரசு, அதிர்வெண்ணை மாற்றி அனுப்பும் முறையைச் சிற்றலையில் அமெச்சூர்களுக்கு அனுமதித்தது. இரு அதிர்வெண்களுக்கும் இடைவெளி முதலில் 850 ஹெர்ட்சு, பின்னர் 170. ஒலியை மின்துடிப்பாக்கும் இணைப்புக் கருவியைப் பலர் வீட்டிலேயே வால்வுகளைக் கொண்டு செய்துகொண்டனர். 1930இல் வந்த டெலிடைப் 15ஆம் மாடல் பலரின் விருப்பக் கருவி. மோட்டாரின் வேகம் பிசகினால் அச்சு குழம்பும். அதைச் சரிபார்க்க, மோட்டாரில் தீட்டிய கோடுகளை இசைக்கவையின் பிளவு வழியே பார்ப்பர்; கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. பள்ளி ஆய்வகத்து இசைக்கவைக்கு இப்படியும் ஒரு வேலை!

இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பெரிய பயன் வானொலிக்கு வெளியே விளைந்தது. ராபர்ட் வைட்பிரெக்ட் காது கேளாத இயற்பியலாளர். அமெச்சூர் வானொலியாளரான அவர், கேட்கும் நண்பர்களோடு தொலையச்சில் தடையின்றி உரையாடி வந்தார். ஆனால் பக்கத்து ஊருக்குத் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லவும் அவரால் இயலவில்லை. அக்காலத்தில் தொலைபேசிக் கம்பியில் பிறர் கருவிகளை நேரடியாக இணைப்பதற்குத் தடை இருந்தது. எனவே ரிசீவரை இரு கிண்ணங்களில் வைத்து, ஒலியாகவே துடிப்புகளை அனுப்பும் கருவியை 1964இல் அவர் உருவாக்கினார். பல் மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ், பொறியாளர் ஆண்ட்ரூ சாக்ஸ் ஆகியோர் துணைநின்றனர். அவர்களும் காது கேளாதோரே. 1968இல் ஏ.டி.அண்டு.டி. நிறுவனம் தன் பழைய டெலிபிரிண்டர்களைக் கேளாதோருக்குத் தர உடன்பட்டது. ஆலையில் உருகிப் போயிருக்க வேண்டிய இரும்பு, வீடுகளில் மணியடிக்காத தொலைபேசியாயிற்று.

1980இல் அமெரிக்க அமெச்சூர்களுக்கு ஆஸ்கி குறிமுறையும் அனுமதிக்கப்பட்டது; கணினி வந்தபின் பெரும்பாலோர் திரைக்கு மாறினர். ஆயினும் வானொலித் தொலையச்சுப் போட்டிகளில் இன்றும் அதே ஐந்து துடிப்பு, அதே 45.45 பாட் வேகமே புழக்கத்தில் உள்ளது. எனவே எண்ணெயிட்டு, பழுதான வேறொரு கருவியிலிருந்து உதிரி கழற்றிப் பூட்டிய 15ஆம் மாடல், கணினியில் தட்டுபவரின் செய்தியையும் பிழையின்றி அச்சிடுகிறது.