உடல் பருமனும் குடல் பாக்டீரியாவும் – ஒரு சிறு வரலாறு

"பச்சைத் தண்ணி குடிச்சாக்கூட எனக்கு வெயிட் போடுது!" என்று யாராவது சொன்னால் சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். வாயைக் கட்ட முடியாதவர் சொல்லும் சாக்கு அது என்று நினைப்பார்கள். சாப்பிட்டது வரவு, உழைத்தது செலவு, மிச்சம் தொப்பை. இவ்வளவுதானே கணக்கு? ஆனால் இந்தக் கணக்குக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டாளி இருப்பது 21-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாகத் தெரியவந்தது.

ஆப்பிளும் பேரிக்காயும்

கதை 1947-இல் பிரான்சின் மார்செய் நகரில் தொடங்குகிறது. ழான் வாக் என்ற மருத்துவர், எல்லாக் குண்டான உடல்களும் ஒன்றல்ல என்று எழுதினார். சிலருக்குக் கொழுப்பு வயிற்றிலும் மேலுடம்பிலும் சேர்கிறது, சிலருக்கு இடுப்பிலும் தொடையிலும் சேர்கிறது. முதல் வகையினருக்குத்தான் சர்க்கரை நோய் அதிகம் வருகிறது என்பதையும் அவர் கவனித்தார். இன்று "ஆப்பிள் உடம்பு, பேரிக்காய் உடம்பு" என்று சொல்வது இதைத்தான். அவர் பேச்சு பல ஆண்டுகள் எடுபடவில்லை. எடை மெஷின் காட்டும் எண்ணே எல்லோருக்கும் போதுமானதாக இருந்தது.

எலிகள் சொன்ன சேதி

2004-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், ஜெஃப்ரி கார்டனின் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை நடந்தது. பிறந்ததிலிருந்து கிருமியே படாமல் வளர்த்த எலிகளுக்கு, சாதாரண எலிகளின் குடல் பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அவற்றின் உடல் கொழுப்பு சுமார் 60 சதவீதம் கூடியது. ஆச்சரியம் என்னவென்றால், அவை முன்பைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டன!

காரணம் எளிது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைச் சில பாக்டீரியாக்கள் உடைத்து, அதிலிருந்தும் ஆற்றலை எடுத்துத் தருகின்றன. தவிர, கொழுப்பைச் சேமிக்கச் சொல்லியும் உடலைத் தூண்டுகின்றன.

2006-இல் அதே குழு அடுத்த படிக்குப் போனது. குண்டு எலியின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகளுக்கு, ஒல்லி எலியின் பாக்டீரியாவைப் பெற்றவற்றைவிடக் கொழுப்பு அதிகம் கூடியது. பருமனான 12 மனிதர்களையும் ஆராய்ந்தார்கள். அவர்கள் குடலில் ஃபர்மிக்யூட்ஸ் என்ற பிரிவு அதிகமாகவும் பாக்டீராய்டீட்ஸ் குறைவாகவும் இருந்தன. எடை குறையக் குறைய அந்த விகிதம் மாறியது. "குண்டுக்குக் காரணம் கண்டுபிடித்தாயிற்று" என்று பத்திரிகைகள் கொண்டாடின.

கணக்கு இடித்தது

கொண்டாட்டம் நீடிக்கவில்லை. 2008-இல் ஸ்காட்லாந்து ஆய்வு ஒன்று, அந்த வித்தியாசம் எங்களுக்குத் தெரியவில்லை என்றது. 2010-இல் ஒரு ஜெர்மன் ஆய்வுக்கு நேர் எதிரான விடை கிடைத்தது. 2016-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் பத்து ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்பு இருந்தது, ஆனால் மிகப் பலவீனமாக இருந்தது. ஒரு குண்டருக்கும் இன்னொரு குண்டருக்கும் இடையிலான வேறுபாடே அவ்வளவு பெரிது!

எடையை மட்டும் பார்க்காமல் மற்றதையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெளிவு கிடைத்தது. 2013-இல் வெளிவந்த ஆய்வில் 292 டென்மார்க் நாட்டவரின் பாக்டீரியா மரபணுக்களை எண்ணினார்கள். சுமார் 23 சதவீதம் பேருக்குக் குடலில் பாக்டீரியா வகைகள் குறைவு. அவர்களுக்கே உடல் கொழுப்பு, இன்சுலின் எதிர்ப்பு, உள் அழற்சி எல்லாம் அதிகமாக இருந்தன. குண்டானவர்களிலேயே இந்தக் கூட்டத்தினர்தான் காலப்போக்கில் இன்னும் எடை கூடினார்கள். அதாவது, ஒரே எடையுள்ள இரண்டு பேரில் ஒருவருக்கு வளமான குடல், மற்றவருக்கு வறண்ட குடல் இருக்கலாம்.

2016-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். பாக்டீரியாவோடு வலுவான தொடர்பு காட்டியது வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிப் படியும் கொழுப்பு. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன் ழான் வாக் விரல் நீட்டிக் காட்டிய அதே வயிறு!

அப்படியானால் பாக்டீரியாவை மாற்றினால் இளைத்துவிடலாமா? 2012-இல் நெதர்லாந்தில், ஒல்லியானவர்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவைப் பருமனான ஆண்களின் குடலில் செலுத்தினார்கள். ஆறு வாரத்தில் இன்சுலின் நன்றாக வேலை செய்தது. எடை மட்டும் குறையவில்லை.

ஆகவே மலப் பரிசோதனை செய்து, ஒரே ஒரு விகிதத்தை வைத்து, "இதனால்தான் நீங்கள் குண்டு" என்று யாராவது மாத்திரை விற்றால் பர்ஸை மூடி வைப்பது நல்லது. தண்ணீர் குடித்தால் எடை போடாதுதான். ஆனால் ஒரே சாப்பாடு எல்லா வயிற்றிலும் ஒரே கணக்கில் வரவாவதில்லை. குண்டாக இருப்பவரைப் பார்த்ததும் "சோம்பேறி, தின்னிப் பண்டாரம்" என்று தீர்ப்பு எழுதுபவர்கள், இந்த வரலாற்றை ஒருமுறை படித்துவிட்டுப் பேசலாம்.