நெய்யும் நெய்த்தோரும்

இரத்ததானம் என்பது இக்கால மருத்துவம் நமக்குக் கற்றுத் தந்த புது வழக்கம் என்று பலரும் எண்ணுகின்றனர். ஊசியும் குழாயும் புதியனவே. ஆயினும், பிறருக்காகத் தன் குருதியை இழப்பதை ஒரு கொடையாகக் கருதி அதற்குக் கணக்கும் எழுதி வைத்த நாடு நம் நாடு. அக்கணக்கின் பழைய ஏடுகள் சில திருவண்ணாமலைப் பக்கத்திலேயே கல்லில் கிடக்கின்றன.

திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ளது செங்கம். நன்னன் ஆண்ட செங்கண்மா என்று மலைபடுகடாம் பாடும் ஊர் இதுவே. இவ்வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத் துறை தொகுத்து 1972 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது. அக்கற்கள் சிலவற்றை நான் நேரில் கண்டிருக்கிறேன். முதலில் பல்லவ மன்னனின் ஆட்சியாண்டு இருக்கும். பின்னர், எந்த ஊர் ஆநிரையைக் காக்கப் போரிட்டு மாண்டான், அவன் பெயர் என்ன என்ற செய்தி வரும். எடுத்தனூரில் உள்ள கல் மகேந்திரவர்மனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கள்வர் இருவரைக் கடித்து, தன் தலைவனைக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன். நாயின் பெயரையும் மறவாது பொறித்த அக்கால மக்களை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்படி மாண்டவரின் குடும்பத்துக்கு ஊரார் விட்ட நிலத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் உதிரப்பட்டி என்று கூறும். உதிரத்துக்கு ஈடான நிலம் என்பது பொருள். ஆகவே, பழங்காலத்துக் குருதிக் கொடையில் கொடுத்தவன் பெயர் தெரியும். பெற்ற ஊர் தெரியும். பெரும்பாலும் அது அவன் சொந்த ஊர். கொடைக்குப் பின் கல்லும் காணியும் கிடைத்தன. கொடுத்தவன் மட்டும் திரும்பி வரவில்லை.

கொடுத்தபின்னும் குறையாத கொடை ஒன்றையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். அதுதான் விளக்குக் கொடை. அண்ணாமலையார் கோயிலிலும் பிற கோயில்களிலும் சோழர் காலத்தில் நந்தா விளக்கு வைத்தவர்கள், ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தனர். அவற்றைப் பெற்ற இடையர் கோயிலுக்கு நெய் அளந்து வந்தனர். மூத்த ஆடு மடியும், குட்டி வளரும், தொகை மட்டும் 96 ஆகவே நிற்கும். இம்மந்தைக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். மனித உடலிலும் இத்தகைய மந்தை ஒன்று உண்டு. ஒருவர் 350 மில்லி லிட்டர் குருதி கொடுத்தால், அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடுகிறது. சிவப்பணுக்கள் சில வாரங்களில் நிறைந்துவிடுகின்றன. குருதிக்கு நெய்த்தோர் என்ற பழம்பெயரும் உண்டு என்பதை இங்கே நினைவூட்டுகிறேன்.

கார்த்திகைத் தீபத்துக்கு வருவோம். 2,668 அடி உயர மலையின் உச்சியில் எரியும் அந்தத் தீபத்துக்கு எண்ணற்ற அடியார்கள் நெய்க் காணிக்கை செலுத்துகின்றனர். எல்லார் நெய்யும் ஒரே கொப்பரையில் கலந்துவிடும். இந்த நொடியில் எரிவது யார் கொடுத்த நெய் என்று எவராலும் சொல்ல இயலாது, கேட்பாரும் இல்லை. நடுகல்லில் இருந்த பெயர் இங்கே கரைந்துவிட்டது. இரத்த வங்கியிலும் இதுவே முறை. ஒருமுறை நான் கொடுத்துவிட்டு எழுந்தபோது, இது யாருக்குப் போகும் என்று செவிலியரைக் கேட்டேன். "யாருக்குத் தேவையோ அவருக்கு" என்று சொல்லிக்கொண்டே அவர் அடுத்தவரை அழைத்தார்.

மருத்துவ வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1901 இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் குருதி வகைகளைக் கண்டறிந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் குருதி உறையாமல் வைத்திருக்கும் வழி பிறந்தது. 1921 இல் இலண்டனில் பெர்சி ஆலிவர் ஊதியம் பெறாத கொடையாளர் குழுவைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரையொட்டிய ஆண்டுகளில் கல்கத்தாவில் நம் நாட்டின் முதல் இரத்த வங்கி அமைந்தது.

பின்னர் நேர்ந்தது வருந்தத்தக்கது. குருதி விலைப்பொருளாயிற்று. வறியவர்கள் உடல் தேறுமுன்பே மீண்டும் மீண்டும் விற்றனர். 1986 இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி சென்னையில் கண்டறியப்பட்டதும், குருதியின் தூய்மை பற்றிய அச்சம் வளர்ந்தது. 1996 சனவரி 4 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் பயனாக, 1998 சனவரி முதல் நாளிலிருந்து காசுக்குக் குருதி கொடுப்பது தடைசெய்யப்பட்டது. விற்பவர் போன இடத்தில், நோயாளியின் உறவினரை அழைத்து வாங்கும் பழக்கம் பல இடங்களில் வேரூன்றியது. மீண்டும் ஊரும் உறவும் என்ற எல்லைக்குள் நாம் திரும்பிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நேயர்களே, திருவிழாக் காலத்தில் இந்த எல்லை எவ்வளவு குறுகியது என்பது புலப்படும். தீபத்தன்று திருவண்ணாமலையில் இலட்சக்கணக்கானோர் கூடுகின்றனர். பெரும்பாலோர் வெளியூரார். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலோ ஊருக்கு வரும் சாலையிலோ ஒருவர் அடிபட்டால் அவருக்கு உறவினர் யார்? பேறுகாலத்தில் குருதி பெருகும் தாய்க்கு, தருமபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ தம்பி வந்து சேரும் வரை பொழுது பொறுக்குமா? விடுமுறை நாட்களில் கல்லூரிகளும் அலுவலகங்களும் மூடிக் கிடப்பதால், அங்கே நடக்கும் முகாம்களும் அப்போதுதான் குறைகின்றன.

முன்கூட்டியே நிறையச் சேர்த்து வைக்கலாமே என்றால், குருதி நெல்லைப் போல் குதிரில் கிடக்காது. முழுக்குருதியை 35 நாள் வரை வைக்கலாம். அதிலிருந்து பிரிக்கும் தட்டணுக்களுக்கு ஆயுள் ஐந்தே நாள். தீபத்தன்று எடுத்த தட்டணுக்கள், மலைமேல் தீபம் எரிந்துகொண்டிருக்கும்போதே பயனற்றுப் போகும். ஐந்தாம் நாளுக்குள் வேறொருவர் வந்து கொடுத்தாக வேண்டும். முன்னர்க் கொடுத்தவர்க்கோ இடைவெளி வேண்டும். ஆடவர்க்கு 90 நாள், பெண்டிர்க்கு 120 நாள். கார்த்திகைத் தீபத்தன்று கொடுத்த ஆடவர் மாசி மகம் கழிந்தும், பெண்டிர் பங்குனி உத்திரம் கழிந்தும் மறுபடி வரலாம்.