உரிமையா, இலவசமா? நலத்திட்டங்களின் அமைப்பும் நம் மனநிலையும்



2023ஆம் ஆண்டு செப்டம்பர் கடைசியில், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் வந்து நின்றார். "சாமி, பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஆயிரம் ரூபா வந்துருச்சுங்க. எனக்கு வரலை. அவங்களைவிட நான் என்ன வசதியாவா இருக்கறேன்?" என்றார். அவருடைய கோபம் அரசின் மேல் இல்லை, பக்கத்து வீட்டின் மேல் இருந்தது. அதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது.

அந்த மாதம் 15ஆம் நாள் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்திற்கு ஏறத்தாழ 1 கோடியே 63 இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். தேர்வானவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 6 இலட்சம் பேர். ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மேல் இருக்கக்கூடாது, ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகக்கூடாது, கார் இருக்கக்கூடாது என்பன போன்ற விதிகள் இருந்தன. பெயரில் 'உரிமை' இருந்தது. ஆனால் ஒரே தெருவில் இந்த வீட்டுக்கு உண்டு, அந்த வீட்டுக்கு இல்லை என்று கோடு விழுந்துவிட்டது.

நம் ரேஷன் கடையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1997இல் மத்திய அரசு, வறுமைக் கோட்டிற்குக் கீழ், மேல் என்று மக்களைப் பிரித்துப் பொருள் வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. தமிழகம் அதை ஏற்காமல், அனைவருக்கும் பொதுவான முறையையே வைத்துக்கொண்டது. இடையில் ஒரு முறை, மாத வருமானம் 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட குடும்பங்களின் அட்டையில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தினார்கள். 2004 மே மாதம், நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பின் அந்த முத்திரை திரும்பப் பெறப்பட்டது. (மதமாற்றத் தடைச் சட்டமும் அப்போதுதான் கைவிடப்பட்டது; நம்மவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும்.) ரேஷன் அரிசி வாங்குபவரை நம் ஊரில் யாரும் ஏளனமாகப் பார்ப்பதில்லை. எடை குறைந்தால் ஆசிரியர் வீட்டிலிருந்தும் கேள்வி வரும், கூலிக்காரர் வீட்டிலிருந்தும் வரும். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கிய கடையில் கேள்வி கேட்க ஆள் குறைவு.

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. ஏழை என்று சான்று காட்ட வேண்டியதில்லை, ஏறி உட்கார்ந்தால் போதும். ஆயினும் 2022இல் அமைச்சர் ஒருவர் மேடையில் 'ஓசி' என்று சொன்ன ஒரு சொல் எத்தனை பெண்களைப் புண்படுத்தியது! திட்டம் நன்றாக அமைந்தாலும் வாய் அதைக் கெடுத்துவிடும்.

இ.எஸ்.ஐ.யை மட்டும் யாரும் இலவசம் என்பதில்லை. தொழிலாளியின் சம்பளத்தில் 0.75 விழுக்காடு பிடிக்கிறார்கள். முதலாளி தருவது 3.25 விழுக்காடு. பெரும்பங்கு மற்றவருடையதாக இருந்தும், சம்பளச் சீட்டில் பிடித்தம் தெரிவதால் அது "நம்ம காசு" ஆகிவிடுகிறது. சீட்டே இல்லாமல் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவருக்கு அந்தப் பெருமிதமும் இல்லை, மருத்துவமும் இல்லை.

அமெரிக்காவில் 1935ஆம் ஆண்டின் ஒரே சட்டத்தில் இரண்டு திட்டங்கள் பிறந்தன. சம்பளப் பிடித்தத்தில் நடக்கும் முதியோர் ஓய்வூதியம் இன்றும் அசையாமல் நிற்கிறது. வறுமையை மெய்ப்பித்துப் பெற வேண்டிய, குழந்தைகளுள்ள ஏழைக் குடும்பங்களுக்கான உதவி, பல ஆண்டு ஏளனத்திற்குப் பின் 1996இல் ஒழிக்கப்பட்டது. ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கும் நாடுகளே வறுமையைக் குறைவாகக் குறைக்கின்றன என்று கோர்ப்பி, பால்மே என்னும் சுவீடன் அறிஞர்கள் 1998இல் எழுதினர். பணம் குறைவாக இருக்கையில் வசதியானவருக்கு ஏன் தர வேண்டும் என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் பிரிப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் ஏழைதான் கொடுக்கிறார்.

லேவியர் நூலின் சட்டப்படி வயல் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும். யார் பொறுக்குவது என்று உரிமையாளர் தேர்ந்தெடுப்பதில்லை. ரூத்து பொறுக்க வந்தபோது, அவரை யாரும் இழிவாகப் பேசக்கூடாது என்று போவாசு வேலையாள்களுக்குக் கட்டளையிட்டார். கதிரோடு மானத்தையும் சேர்த்துக் கொடுத்தார்.

திராட்சைத் தோட்ட வேலையாள்களின் முணுமுணுப்பை அந்தச் சகோதரிக்கு நினைவூட்டலாமா என்று முதலில் எண்ணினேன். அவர்களுக்குப் பேசிய கூலி கிடைத்தது. இவருக்கோ ஒன்றுமே கிடைக்கவில்லை, காரணமும் தெரியவில்லை. எனவே பிரசங்கத்தை விட்டுவிட்டு, முப்பது நாள்களுக்குள் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்ற செய்தியைச் சொன்னேன். மறுநாள் இ-சேவை மையத்திற்கு அவரோடு துணைக்குப் போனவர் அந்தப் பக்கத்து வீட்டு அக்காதான்.