சத்துணவுக் கூடம் எட்டாத வயது: ராஜபாளையம் மலையடிவாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

காமராசர் பிறந்த விருதுநகர் மாவட்டம், 2018இல் நடுவண் அரசு வகுத்த முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலின் அளவுகோல்களில் உடல்நலமும் ஊட்டச்சத்தும் முதன்மையானவை. மதிய உணவைப் பள்ளியோடு பிணைத்த தலைவரின் மாவட்டத்துக்கா இந்த நிலை என்று வியப்பதால் பயனில்லை. அந்தப் பிணைப்பிலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது. 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர் விரிவாக்கிய சத்துணவு, பின்னர் சேர்ந்த முட்டை, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு ஆகிய அனைத்தும் அடுப்பும் கூரையும் உள்ள ஓர் இடத்துக்குக் குழந்தை வந்து சேரும் என்ற நம்பிக்கையில் எழுந்தவை. பள்ளிப் பசியை இவை வென்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் வளர்ச்சிக் குறைவு பெரும்பாலும் கருவிலும் முதல் இரண்டு வயதிலும் உருவாகிறது. அந்த வயதுக் குழந்தை எந்தக் கூடத்துக்கும் நடந்து வராது.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இதைத் தெளிவாகவே காட்டுகிறது. 2015-16க்கும் 2019-21க்கும் இடையே தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் 27.1 விழுக்காட்டிலிருந்து 25.0 ஆக மட்டுமே குறைந்தனர். இரத்தசோகையுள்ள குழந்தைகள் 50.7இலிருந்து 57.4 ஆகவும், கர்ப்பிணிகள் 44.4இலிருந்து 48.3 ஆகவும் உயர்ந்தனர். விரல்நுனி இரத்தத்தை வைத்துக் கணக்கிடும் முறை நம்பத்தக்கதல்ல என்று சிலர் மறுக்கிறார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. எனினும் இரு சுற்றுகளிலும் கையாண்டது அதே முறைதான். உயரத்தை அளக்க இரத்தமும் வேண்டியதில்லை. நாட்டின் சராசரியான 35.5ஐவிட நாம் மேல் என்ற ஆறுதல், நான்கில் ஒரு குழந்தை குட்டையாகவே நிற்பதை மாற்றாது.

இந்த இடைவெளியை அரசு அறியாமலில்லை. 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில், உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் ஏறத்தாழ மூன்று மாதம் கூடுதல் உணவு தந்து, தாய்க்கு ஊட்டும் முறையையும் சொல்லிக்கொடுத்தார்கள். கடும் எடைக்குறைவு வெகுவாகக் குறைந்தது. மிதமான குறைவு அவ்வளவு அசையவில்லை. அத்திட்டம் நடந்துகொண்டிருந்தபோதே சத்துணவு வந்தது. அரசியல் கண்ணுக்குத் தெரிந்தது சோறுதான், தராசு அல்ல. தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் ஏழைகள் விடுபடுவார்கள் என்பது வலுவான எதிர்வாதம்; பொதுவிநியோகத்தில் அதை நானும் ஏற்பேன். இங்கோ எடை எல்லாக் குழந்தைக்கும் பார்க்கப்படுகிறது, கூடுதல் கவனமே எடையைப் பொறுத்தது. 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டம் இந்தப் பழைய அறிவுக்கு ஓரளவு திரும்புகிறது.

வயதைப் போலவே இடமும் விடுபடுகிறது. ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவில், ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பு முதலிய அடிவாரங்களில் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. கிழங்கு, தேன், கீரை என்று காட்டை நம்பியிருந்தவர்கள் இவர்கள். அந்தக் காட்டில் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமும் 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் அமைந்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூலில் உரிமை தருகிறது. அந்த உரிமையை நடைமுறையில் சுருக்கிவிட்டு ரேஷன் அரிசியை மட்டும் நீட்டினால், வயிறு நிறையும். உணவின் வகை குறையும். இதை ஊட்டச்சத்துத் துறை வனத்துறையின் விவகாரம் என்று விட்டுவிட முடியாது.

2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் உள்ள குடியிருப்பு கேட்டால் மூன்று மாதத்துக்குள் அங்கன்வாடி தரவேண்டும் என்றது. பெரிய கிராமங்களுக்கு அது வரம். சில பத்துக் குடும்பங்கள் மட்டுமே வாழும் குடியிருப்பில் அத்தனை குழந்தைகளுக்கு எங்கே போவது? பழங்குடிப் பகுதிகளுக்கான குறு அங்கன்வாடி நெறியும் 150 பேர் என்ற எண்ணில்தான் தொடங்குகிறது. ஒரு மாவட்டத்தில் ஏறத்தாழ 900 குடும்பங்களைக் கேட்டு முடிக்கும் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இத்தகைய குடியிருப்புகள் தடமே பதிக்காது. சிலருக்காக இவ்வளவு செலவா என்பார்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கும் தந்திருப்பது உரிமை. அதில் தலை எண்ணிக்கை நிபந்தனை இல்லை. ஆகவே கட்டடம் கட்டும் தகுதியை ஒருபுறம் வைத்துவிட்டு, மாதம் ஒருமுறை தராசோடும் இணை உணவோடும் கிராம சுகாதார செவிலியர் குடியிருப்புக்கே செல்வதைக் கட்டாயமாக்கும் அரசாணை ஒன்றை மாநில அரசு உடனே பிறப்பிக்க வேண்டும். அவர் எடுக்கும் எடைக் குறிப்புகள் மாவட்டச் சராசரியில் கரையாமல் குடியிருப்புவாரியாக வெளியிடப்படவும் வேண்டும்.